சிகாகோ சிலைகள் யாருக்குச் சொந்தம்?

1967 ஆகஸ்ட் 15. அமெரிக்காவின் சிகாகோ நகரில் புதிதாகக் கட்டப்பட்ட சிவிக் சென்டர் முன்னால் பெருங்கூட்டம். மேயர் ரிச்சர்ட் டேலி கயிற்றை இழுத்தார், துணி விலகியது. உள்ளே இருந்தது 50 அடி உயரம், 162 டன் எடையுள்ள ஒரு இரும்பு உருவம். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். நிறைய பேர் முழித்தார்கள். இது பெண்ணா, பறவையா, நாயா, குரங்கா? செய்தவர் பிக்காசோ. அவர் கடைசி வரை விளக்கமும் சொல்லவில்லை, சிலைக்குப் பெயரும் வைக்கவில்லை. இன்று வரை அதன் பெயர் "சிகாகோ பிக்காசோ" தான்.

அந்தக் கயிற்றை இழுத்த கையோடு ஒரு கேள்வியும் அவிழ்ந்தது. மக்கள் நடமாடும் இடத்தில், மக்களின் பெயரால் வைக்கப்படும் ஒரு கலைப்படைப்பு யாருக்குச் சொந்தம்? மேயருக்கா, கலைஞருக்கா, பணம் கொடுத்தவருக்கா, தினமும் அதைக் கடந்து போகும் ஆளுக்கா? ஒரு சிலையை வாங்கி வைப்பது எளிது. வைத்த பிறகு அதை நிர்வகிப்பதுதான் கஷ்டம் என்பதை சிகாகோ நகராட்சி அதற்கடுத்த ஐம்பது வருடங்களில் ஒவ்வொரு தடவையும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. அந்தக் கதைதான் இது.

பிக்காசோ வந்த விதம்

டேலி கலை ரசிகர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. கட்சி அரசியலில் ஊறிய, கட்டடம் கட்டுவதில் ஆர்வம் கொண்ட மேயர். 1956-ல் உருவான பொதுக் கட்டட ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர். கடன் பத்திரம் மூலம் பணம் திரட்டி அரசுக் கட்டடங்களைக் கட்டுவது இந்த ஆணையத்தின் வேலை. நீதிமன்றங்களுக்காகவும் அலுவலகங்களுக்காகவும் கட்டப்பட்ட சிவிக் சென்டர் முன்னால் பெரிய காலி இடம் இருந்தது. அங்கே என்ன வைப்பது என்ற பேச்சு வந்தபோது, கட்டடக் கலைஞர்களில் ஒருவரான வில்லியம் ஹார்ட்மன், உலகத்திலேயே பெரிய கலைஞர் யாரோ அவரிடமே கேட்டுவிடலாம் என்று 1963-ல் பிரான்சுக்குக் கிளம்பினார். சிகாகோவைப் பற்றிய புகைப்படங்கள், பரிசுப் பொருட்கள் எல்லாம் எடுத்துப் போனார். பிக்காசோ சிகாகோவைப் பார்த்ததே இல்லை. கடைசி வரை பார்க்கவும் இல்லை.

1965-ல் மாதிரி உருவம் தயாரானது. ஒரு லட்சம் டாலர் காசோலை நீட்டப்பட்டது. பிக்காசோ வாங்க மறுத்துவிட்டார். இது சிகாகோ மக்களுக்கு என் பரிசு என்று 1966-ல் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். மாதிரியைப் பெரிதாக்கி உருவாக்கி நிறுத்தும் வேலையை இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் இருந்த இரும்பாலை செய்தது. ஆன செலவு 351,959 டாலர் 17 சென்ட். இதில் பெரும்பகுதியை மூன்று தனியார் அறக்கட்டளைகள் கொடுத்தன.

கணக்குப் பாடம் படிப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கலைஞர் கூலி வாங்கவில்லை. செலவில் பெரும்பகுதி நன்கொடை. வரி கட்டுகிறவர் தலையில் பாரம் மிகக் குறைவு. ஆனாலும் எதிர்ப்பு வந்தது! ஜான் ஹோலன் என்ற கவுன்சிலர், இந்த உருவத்தை எடுத்துவிட்டு எர்னி பேங்க்ஸ் என்ற உள்ளூர் பேஸ்பால் வீரரின் சிலையை வையுங்கள் என்றார். அவர் சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் அதில் நியாயமான ஒரு கேள்வி உண்டு. மக்களுக்குப் பரிசு என்கிறீர்கள், மக்களை யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. மேயர், கட்டடக் கலைஞர்கள், அறக்கட்டளைகள் இந்த மூவரோடு முடிவு முடிந்துவிட்டது.

அதே மாதம், இன்னொரு சுவர்

அதே 1967 ஆகஸ்ட். அதே சிகாகோ. ஆனால் நகரின் தெற்குப் பகுதி, கறுப்பின மக்கள் வாழும் 43-வது தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் முனை. அங்கே பழைய கட்டடம் ஒன்றின் வெளிச்சுவரில் பத்துப் பன்னிரண்டு கலைஞர்கள் சேர்ந்து ஓவியம் வரைந்தார்கள். மால்கம் எக்ஸ், முகமது அலி, டுபோய்ஸ், இசைக்கலைஞர் தெலோனியஸ் மங்க் என்று தங்கள் நாயகர்களை வரிசையாக நிறுத்தினார்கள். பெயர் "வால் ஆஃப் ரெஸ்பெக்ட்", அதாவது மரியாதைச் சுவர். வில்லியம் வாக்கர் போன்ற ஓவியர்கள் இதில் முக்கியமானவர்கள்.

இதற்கு மேயர் வரவில்லை. நகராட்சிப் பணம் இல்லை, அறக்கட்டளை இல்லை, டெண்டர் இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை. யார் யாரை வரைவது என்பதில் அந்தத் தெருவில் இருந்தவர்களும் கருத்துச் சொன்னார்கள். வரைந்து முடிப்பதற்கு முன்பே அது அந்தத் தெருவின் சொத்தாகிவிட்டது. இசை நிகழ்ச்சி, கவிதை வாசிப்பு, அரசியல் கூட்டம் எல்லாம் அந்தச் சுவர் முன்னால் நடந்தன.

இரண்டு விழாக்களிலும் கலந்துகொண்டவர் ஒருவர் உண்டு. கவிஞர் க்வெண்டலின் ப்ரூக்ஸ். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆகஸ்ட் 15-ல் பிக்காசோ சிலைக்கு மேயரின் அழைப்பில் கவிதை வாசித்தார். சில நாள் கழித்து மரியாதைச் சுவருக்கும் கவிதை வாசித்தார். அந்தச் சுவரில் அவருடைய முகமும் இருந்தது!

இரண்டில் எது பிழைத்தது? பிக்காசோ இன்றும் நிற்கிறது. சுவர் இருந்த கட்டடத்தில் 1971-ல் தீப்பிடித்தது, பிறகு இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதற்கு எந்த ஆவணமும் இல்லை, காப்பீடு இல்லை, பராமரிக்கப் பொறுப்பான ஒரு அதிகாரியும் இல்லை. மக்களுடைய அன்பு இருந்தது. ஆனால் அன்பு மட்டும் ஒரு சுவரைத் தாங்காது. பிக்காசோவுக்கு நேர்மாறு. ஆரம்பத்தில் அன்பு இல்லை, ஆனால் நிர்வாகம் இருந்தது. அன்பு பிறகு வந்தது. குழந்தைகள் அதன் சரிவில் ஏறிச் சறுக்கி விளையாடப் பழகினார்கள், சிரித்தவர்களே அதை ஊரின் அடையாளம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

நிர்வாகம் என்ற வறட்டு வார்த்தைக்கு உள்ள மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு

சிலை வந்ததும் படம் போட்ட அட்டை, சின்ன பொம்மை என்று வியாபாரமும் வந்தது. பதிப்புரிமை எங்களுடையது, பிரதி எடுக்க எங்கள் அனுமதி வேண்டும் என்றது பொதுக் கட்டட ஆணையம். ஒரு சிறு பதிப்பகம் வழக்குப் போட்டது. 1970-ல் தீர்ப்பு வந்தது. ஆணையம் தோற்றது.

காரணம் ரொம்ப சாதாரணமானது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்பை வெளியிடும்போது அதில் பதிப்புரிமைக் குறிப்பு இருந்தே ஆகவேண்டும். ஆணையமோ சிலையை விளம்பரப்படுத்தும் உற்சாகத்தில் மாதிரி உருவத்தைக் குறிப்பில்லாமல் காட்சிக்கு வைத்தது, அதன் படங்களைப் பத்திரிகைகளுக்கு அள்ளிக் கொடுத்தது. அப்போதே அது பொதுச்சொத்தாகிவிட்டது என்றது நீதிமன்றம். பிக்காசோ மக்களுக்குப் பரிசு என்றார். நகரம் அதைத் தன் பெட்டியில் பூட்டப் பார்த்தது. ஒரு குமாஸ்தா தவறு அதை மறுபடியும் மக்களிடமே சேர்த்துவிட்டது.

1.33 சதவீதம்

ஒவ்வொரு தடவையும் மேயரின் ஆசையையும் பணக்காரர்களின் தயவையும் நம்பி ஒரு நகரம் கலையை வளர்க்க முடியுமா? இதற்கு வேறொரு அமெரிக்க நகரம் முன்பே வழி கண்டுபிடித்திருந்தது. 1959-ல் பிலடெல்பியா, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி போட்டது. சிகாகோ நகர மன்றம் 1978-ல் அதே வகையான சட்டம் கொண்டுவந்தது. நகராட்சிக் கட்டடங்களைக் கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் ஆகும் செலவில் ஒரு பங்கு கலைக்குப் போக வேண்டும். அந்தப் பங்கு 1.33 சதவீதம் என்று கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது.

ஒரு உதாரணம். 10 கோடி டாலரில் ஒரு கட்டடம் என்றால் 13 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கலைக்கு. யாரிடமும் கையேந்த வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன், நூலகம், விமான நிலையம் எது கட்டினாலும் பணம் தானாக ஒதுங்கிவிடும். 1984-ல் ஹெரால்ட் வாஷிங்டன் மேயராக இருந்தபோது கலாச்சாரத்துக்கென்று தனித்துறையும் வந்தது. இந்தச் சட்டத்தால் சேர்ந்த படைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நகர மையத்துக்கு வெளியே, சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத வட்டார நூலகங்களுக்கும் நல்ல ஓவியங்கள் போய்ச் சேர்ந்தது இந்தச் சட்டத்தின் பெரிய நன்மை.

ஆனால் ஓட்டைகளும் உண்டு. முதலாவது, பணம் கட்டடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கட்டடம் வராத பேட்டைக்குக் கலையும் வராது. இரண்டாவது, கட்டுமானப் பணம் மூலதனச் செலவு, ஒரே தடவை வருவது. பராமரிப்பு என்பது ஒவ்வொரு வருடமும் வரும் செலவு. சிலையைக் கழுவ வேண்டும், துரு பார்க்க வேண்டும், விரிசல் அடைக்க வேண்டும். வாங்கும் நாளில் ரிப்பன் வெட்ட ஆள் வருவார்கள். கழுவும் நாளில் யார் வருவார்கள்? மூன்றாவது ஓட்டைதான் மிகப் பெரியது. வாங்கிய படைப்பின் விலை ஒருநாள் பல மடங்கு ஏறினால் என்ன செய்வது? இதை 1978-ல் யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பூந்தோட்டமும் பீன்ஸ் கொட்டையும்

அந்த மூன்றாவது ஓட்டைக்குப் போகும் முன் இரண்டு சின்னக் கதைகள்.

1984-ல் சாப்மன் கெல்லி என்ற ஓவியர், பூங்கா நிர்வாகத்தின் அனுமதியோடு கிராண்ட் பார்க்கில் ஒன்றரை ஏக்கரில் காட்டுப்பூக்களால் இரண்டு பெரிய நீள்வட்டங்களை உருவாக்கினார். அவரைப் பொறுத்தவரை அது தோட்டம் அல்ல, ஓவியம். இருபது வருடம் கழித்து 2004-ல் பூங்கா நிர்வாகம் அதைப் பாதிக்கும் கீழே வெட்டிச் சுருக்கியது. 1990-ல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், கலைஞரின் படைப்பை மற்றவர் சிதைப்பதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின்படி கெல்லி வழக்குப் போட்டார். 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தோட்டம் முளைக்கும், வாடும், மாறும். அதன் உருவத்தைத் தீர்மானிப்பது பெருமளவு இயற்கைதான் என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அதே 2004-ல், அதே இடத்துக்குப் பக்கத்தில் மில்லேனியம் பார்க் திறக்கப்பட்டது. 15 கோடி டாலரில் 2000-ல் முடிய வேண்டிய திட்டம், நான்கு வருடம் தாமதமாகி, கிட்டத்தட்ட 47 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே வந்ததுதான் மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் "க்ளவுட் கேட்". 168 எஃகுத் தகடுகளை ஒட்டி, இணைப்பே தெரியாமல் பாலிஷ் போட்ட கண்ணாடி மாதிரியான உருவம். சிகாகோக்காரர்கள் செல்லமாக வைத்த பெயர் "பீன்". முழுதாக முடிந்து அர்ப்பணிக்கப்பட்டது 2006 மே மாதத்தில். செலவு 2 கோடியே 30 லட்சம் டாலர், எல்லாம் தனியார் நன்கொடை.

2005-ல் இங்கே ஒரு கூத்து நடந்தது. தொழில்முறையாகப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர்களைக் காவலர்கள் தடுத்தார்கள். அனுமதிச் சீட்டு வேண்டுமாம், ஏனென்றால் பதிப்புரிமை கலைஞருடையதாம். பொதுப் பூங்காவில் பொதுமக்கள் பார்க்க வைத்த பொருளைப் படம் எடுக்க அனுமதியா என்று சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். பிறகு கெடுபிடி தளர்ந்தது. 1970-ல் பிக்காசோ விஷயத்தில் குறிப்புப் போட மறந்து கோட்டை விட்ட நகரம், 35 வருடம் கழித்து எதிர்ப்பக்கமாக ஓடி முட்டிக்கொண்டது!

10 ஆயிரமும் ஒரு கோடியும்

இப்போது முக்கியமான கதை. நகரின் மேற்குப் பகுதியில் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் என்ற ஏழைப் பேட்டை. அங்கே லெக்லர் என்ற நூலகக் கிளை. 1995-ல் அந்தக் கலைச் சட்டத்தின் கீழ் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற ஓவியர் அங்கே பெரிய ஓவியம் ஒன்றை வரைந்து கொடுத்தார். பெயர் "நாலெட்ஜ் அண்ட் வொண்டர்", அறிவும் வியப்பும். கறுப்பினப் பிள்ளைகளும் பெரியவர்களும் ராட்சதப் புத்தகங்களையும் விண்வெளியையும் பார்த்து நிற்கும் காட்சி. மார்ஷலுக்குக் கிடைத்தது 10 ஆயிரம் டாலர். அந்தப் பேட்டைப் பிள்ளைகள் 20 வருடத்துக்கும் மேலாக அந்தப் படத்தின் கீழே படித்தார்கள்.

இதற்கிடையில் மார்ஷல் உலகப் புகழ் பெற்றுவிட்டார். 2018 மே மாதம் அவருடைய இன்னொரு ஓவியம் நியூயார்க்கில் 2 கோடியே 11 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விற்றது யார் தெரியுமா? சிகாகோவில் கண்காட்சி அரங்கம் நடத்தும் ஒரு பொது அமைப்பு. 1997-ல் அவர்கள் அதை வாங்கிய விலை 25 ஆயிரம் டாலர். வாங்கியது ராப் பாடகர் ஷான் கோம்ப்ஸ். ஒரு தனியார் வீட்டுக்கு அது போய்விட்டது.

மேயர் ராம் இமானுவேலுக்கு யோசனை வந்தது. 2018 அக்டோபரில், லெக்லர் நூலகத்து ஓவியத்தையும் ஏலம் விடப்போவதாக அறிவித்தார். எதிர்பார்த்த விலை 1 கோடி முதல் 1 கோடியே 50 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் அதே நூலகத்தை விரிவாக்கலாம், பொதுக்கலைக்கும் நிதி வைக்கலாம் என்பது திட்டம்.

காகிதத்தில் பார்த்தால் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. 10 ஆயிரம் முதலீடு, ஆயிரம் மடங்கு வரவு. பணமும் யார் பையிலும் போகவில்லை, அதே ஏழைப் பேட்டைக்குத்தான் வருகிறது. பிறகு ஏன் எதிர்ப்பு?

ஏனென்றால் அந்த ஓவியம் முதலீடாக வாங்கப்படவில்லை. மார்ஷல் குறைந்த தொகைக்கு அதைச் செய்தது அது ஒரு நூலகத்தில், அந்தப் பிள்ளைகள் கண்முன்னால் இருக்கும் என்பதற்காக. இன்னொன்றும் உண்டு. பணக்காரப் பேட்டையில் ஒரு நூலகத்தை விரிவாக்க அங்கிருந்த ஓவியத்தை விற்கச் சொல்வார்களா? ஏழைப் பேட்டைக்காரன் மட்டும் நல்ல நூலகம் வேண்டுமானால் தன்னிடம் இருக்கும் ஒரே பொக்கிஷத்தைக் கொடுத்துவிட வேண்டுமா? மகள் கல்யாணத்துக்குத் தாலியை அடகு வைப்பது போன்ற நிலைமை அது.

மார்ஷல் வெளிப்படையாக வருத்தத்தைச் சொன்னார். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் சிகாகோ கலாச்சார மையத்தின் சுவருக்கு, நகரின் பெண் ஆளுமைகளைப் போற்றும் மாபெரும் சுவரோவியத்தை வடிவமைத்துக் கொடுத்திருந்தார். அதற்கு வாங்கிய கூலி ஒரே ஒரு டாலர்! கலை உலகமும் உள்ளூர்க்காரர்களும் குரல் எழுப்ப, 2018 நவம்பர் தொடக்கத்தில் மேயர் ஏலத்தை வாபஸ் வாங்கினார். நூலக விரிவாக்கத்துக்கு வேறு வழியில் பணம் தேடுவதாகச் சொன்னார்.

2025-ல் லண்டன் ராயல் அகாடமியில் மார்ஷலின் பெரிய கண்காட்சி நடந்தபோது அந்த ஓவியம் கடனாக அங்கே போனது. கடனுக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கடனாகப் போனது திரும்பி வரும்.

அழித்ததும் இறக்கியதும்

வைப்பதும் விற்பதும் மட்டும் நிர்வாகம் இல்லை. எதை அழிக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் நிர்வாகம். சிகாகோ நகராட்சியில் சுவர்க் கிறுக்கல்களை அழிக்க 1993 முதல் ஒரு தனிப்பிரிவு உண்டு. முறையான அனுமதியோடு வரையப்பட்ட சுவரோவியங்களையும் கிறுக்கல் என்று நினைத்து அவர்கள் அழித்த சம்பவங்கள் நடந்தன. ஒரு துறை காசு கொடுத்து வரையச் சொல்கிறது, இன்னொரு துறை காசு செலவழித்து அழிக்கிறது! இதற்குப் பிறகுதான் சுவரோவியங்களைப் பதிவு செய்யும் பட்டியல் வந்தது. பதிவேடு என்பது எவ்வளவு சின்ன விஷயம்! அது இல்லாததால் எவ்வளவு போயிருக்கிறது!

2020 ஜூலையில் இன்னொரு பக்கம் திறந்தது. நகரின் கொலம்பஸ் சிலைகளைச் சுற்றிப் போராட்டமும் மோதலும் வெடித்ததும், மேயர் லோரி லைட்ஃபுட் இரவோடு இரவாக அவற்றை இறக்கினார். இத்தாலிய வம்சாவளியினருக்கு அது அவமானம். பழங்குடி மக்களுக்கு அது எப்போதோ நடந்திருக்க வேண்டியது. 2021-ல் நகரம் 41 நினைவுச் சின்னங்களைப் பட்டியலிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. 1967-ல் ஒரு பீடத்தில் என்ன ஏற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 54 வருடம் கழித்து எது இறங்க வேண்டும் என்று கேட்டார்கள்.

கடைசியாக

2017-ஐ சிகாகோ "பொதுக்கலை ஆண்டு" என்று கொண்டாடியது. பிக்காசோவுக்கும் மரியாதைச் சுவருக்கும் சேர்த்து ஐம்பதாம் ஆண்டு. ஒன்றைக் காப்பாற்றிய நகரம், மற்றொன்றை இழந்த நகரம், இரண்டையும் ஒரே மேடையில் நினைவுகூர்ந்தது. அடுத்த வருடமே அதே நிர்வாகம் மார்ஷல் ஓவியத்தை ஏலத்துக்கு அனுப்பப் பார்த்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். விழா எடுப்பது வேறு, பொறுப்பு எடுப்பது வேறு.

கணக்குப் புத்தகத்தில் கட்டடம், வாகனம், நாற்காலி, ஓவியம் எல்லாம் சொத்து என்ற ஒரே தலைப்பில் வரும். ஆனால் கோயில் நகைக்கு தர்மகர்த்தா எப்படியோ, பொதுக்கலைக்கு நகராட்சி அப்படி. சாவி அவரிடம் இருக்கும், துடைப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. நகை அவருடையது இல்லை. சிகாகோவில் மேயர்கள் வந்தார்கள், போனார்கள். லெக்லர் நூலகத்துப் பிள்ளைகள் அன்று கொஞ்சம் சத்தம் போட ஆள் இருந்ததால் தங்கள் ஓவியத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 43-வது தெருவின் சுவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.